பழைய கோடரியும் கைக்கருவிகளும்: தேடி வாங்கிச் சீராக்கும் முறை

காயலான் கடையின் எடைத்தட்டில் கிடக்கும் துருவேறிய கோடரியின் வாயில் நல்ல எஃகு இன்னும் மிச்சமிருந்தால், இன்று புதிதாக விற்கும் பல கோடரிகளைவிட அது நன்றாகவே வேலை செய்யும். எஃகு தேய்ந்து போயிருந்தால், எத்தனை நாள் தேய்த்துப் பளபளப்பாக்கினாலும் அது சுவரில் மாட்டி வைக்கத்தான் உதவும். ஆகவே பழைய கருவி வாங்குபவர் கவனிக்க வேண்டியவை இரண்டுதான். வாங்கும்போது வாயில் எவ்வளவு எஃகு மிச்சமிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சீராக்கும்போது அந்த எஃகைச் சூட்டுக்கும் சாணைச் சக்கரத்துக்கும் பலி கொடுக்காமல் காக்க வேண்டும்.

இதற்குக் காரணம் கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. ஊர்க் கொல்லர் அடித்த கோடரியானாலும், பழைய ஆங்கிலக் கோடரியானாலும், உடல் முழுவதும் மென்மையான இரும்பாக இருக்கும். வெட்டும் வாயில் மட்டும் கடினமான எஃகுத் துண்டு ஒன்றை உலையில் காய்ச்சி ஒட்டியிருப்பார்கள். எஃகு விலை கூடியது என்பது ஒரு காரணம். மென்மையான உடல் அடியைத் தாங்கிக்கொள்ளும் என்பது மற்றொன்று. பிற்காலத்தில் முழுவதையும் ஒரே எஃகில் செய்தபோதும் வாய்ப்பகுதிக்கு மட்டுமே தோய்ச்சல் (சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்குதல்) கொடுத்தார்கள். எப்படிப் பார்த்தாலும், கூர் நிற்கக்கூடிய பகுதி வாயிலிருந்து சில சென்டிமீட்டர் அளவே.

எங்கே தேடுவது

முதலிடம் காயலான் கடைக்குத்தான். அங்கே கருவிக்கு விலையில்லை, இரும்பின் எடைக்குத்தான் விலை. கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் கோடரித் தலை, உளி, மரம் இழைக்கும் இழைப்புளி போன்றவற்றைத் தனியே எடுத்து வைப்பார். ஆனால் நீங்கள் அடிக்கடி வரத் தொடங்கியதும் விலை ஏறும் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். சென்னையில் பழைய பொருள்களுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையானது. இப்போது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தரையில் பரப்பிய சாக்குகளின் மேல் கருவிகள் கிடைக்கின்றன. காலையிலேயே போவது நல்லது. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளிலும் கருவிகள் உண்டு. ஆனால் அங்கே விலை அலங்காரத்துக்கான விலை. மேலும் விற்பவர் மெருகேற்றி வைத்திருந்தால் விரிசலும் தேய்மானமும் மெருகுக்கு அடியில் மறைந்துவிடும். துருவோடு இருப்பதை வாங்குவதே எனக்குப் பிடித்தமானது. துரு பொய் சொல்வதில்லை.

நீலகிரி, வால்பாறை, இலங்கை மலையகம் போன்ற தோட்டப் பகுதிகளுக்கு ஆங்கிலேயர் காலத்தில் பிரிட்டனிலிருந்து கருவிகள் வந்திறங்கின. தலையைத் துடைத்துப் பார்த்தால் பிரேட்ஸ், எல்வெல், கில்பின் போன்ற பெயர்கள் தெரியலாம்; இவை தோட்ட வேலைக்கென்றே கோடரியும் மண்வெட்டியும் செய்து குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பிய இங்கிலாந்து நிறுவனங்கள். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 1826-இல் தொடங்கிய காலின்ஸ் கோடரிகளும் உலகெங்கும் பரவியவை. உளிகளில் மார்பிள்ஸ், வார்ட் அண்ட் பெய்ன் என்ற, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரப் பெயர்களைக் காணலாம். பெயரோடு ‘காஸ்ட் ஸ்டீல்’ என்று பொறித்திருந்தால் வார்ப்பிரும்பு என்றெண்ணித் தள்ளிவிடக் கூடாது. பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740-களில் ஷெஃபீல்டு அருகே உருவாக்கிய முறைப்படி மூசையில் (உலோகம் உருக்கும் கலத்தில்) உருக்கி எடுத்த உயர்தர எஃகு அது. நம் நாட்டு டாடா அக்ரிகோ கருவிகளும், பெயரே இல்லாத ஊர்க் கொல்லர் கருவிகளும் இவற்றுக்குக் குறைந்தவை என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டாம்.

மின்கருவிகளுக்கு மாறிவிட்ட தச்சர் வீடுகளில் பழைய உளிகளும் இழைப்புளிகளும் பரணில் இருக்கும். அங்கே கேட்கும் முறை வேறு. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு வைக்கும் கருவிகள் அவை. “அப்பா கை பட்டது, கொடுக்க மனசு வரலை” என்று வீட்டார் சொன்னால் அதற்கு மேல் விலை பேசக் கூடாது. கொடுக்க மனமிருந்தால், ஆசாரியிடம் அந்தக் கருவியை எப்படித் தீட்டுவார் என்றும் கேட்டு வாருங்கள்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கோடரித் தலையைக் கையில் எடுத்ததும் முதலில் பக்கவாட்டில் பிடித்து அதன் வடிவத்தைப் பாருங்கள். வாயின் மேல்மூலையும் கீழ்மூலையும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு இருக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் வட்டமாகத் தேய்ந்திருந்தால், அதற்கு ஈடாக மறு மூலையையும் அராவ வேண்டியிருக்கும். அந்த அளவுக்கு எஃகு இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். தலையில் 3, 4 என்பதுபோல் ஓர் எண் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் பவுண்டில் புதிய தலையின் எடையைக் குறிப்பதாகும். ஒரு பவுண்டு 454 கிராம். காயலான் கடையில் தராசு எப்படியும் இருக்கும். நான்கு பவுண்டு என்று பொறித்த தலை, அதாவது 1.8 கிலோ இருக்க வேண்டியது, 1.4 கிலோதான் நிற்கிறது என்றால், காணாமற்போன இரும்பு எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எடைக்கு விற்கும் கடைக்காரரே அந்தக் கணக்கை நமக்குப் போட்டுக் காட்டிவிடுகிறார்.

அடுத்தது, காம்பு நுழையும் துளை. பலர் கோடரியின் பின்பக்கத்தைச் சம்மட்டியால் அடித்து ஆப்பாகப் பயன்படுத்தியிருப்பார்கள். பின்பக்கம் காளான் குடைபோல் விரிந்திருப்பதைக் கண்டால் துளையின் சுவர்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அங்கே பக்கச்சுவர் உப்பியிருக்கலாம், மயிரிழை விரிசலும் இருக்கலாம். விரிசல் சந்தேகமாக இருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. சந்தேகப்படும் இடத்தைச் சுத்தமாக்கி மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் கழித்து உலரத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணக்கட்டித் தூளைத் தூவுங்கள். விரிசலுக்குள் புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து தூளில் கருங்கோடாகத் தெரியும். துளைச்சுவரில் விரிசல் விட்ட தலையை எந்த விலைக்கும் வேலைக்கென்று வாங்கக் கூடாது. வீசும்போது பிளந்து பறக்கும் இரும்பு யார் மேல் படும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, வாயின் கடினம். சிறிய புதிய அரம் ஒன்றைப் பையில் வைத்திருப்பது பயனுள்ள பழக்கம். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு வாயின் ஓரத்தில் ஒருமுறை மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல கோடரியில் அரம் பிடிக்கும். ஆனால் அதற்குச் சற்று அழுத்தம் வேண்டியிருக்கும். ஆணியை அராவுவதுபோல் எளிதாக இறங்கினால் எஃகு தேய்ந்துவிட்டது, அல்லது யாரோ தீயிலிட்டுத் தோய்ச்சலைக் கெடுத்திருக்கிறார்கள். அரம் கண்ணாடிமேல் போல வழுக்கினால் வாய் மிகவும் கடினமாக இருக்கிறது, வேலையில் பொரிந்து உதிரக்கூடும். உளி மட்டும் விலக்கு: அதில் அரம் ஏறக்குறைய வழுக்கத்தான் வேண்டும். வாயருகே நீல நிறம் படர்ந்திருந்தால், யாரோ சக்கரத்தில் வைத்து ஏறக்குறைய 300 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கியிருக்கிறார்கள் என்று அறியலாம். அந்த நீலம் ஓரத்தில் மட்டும் இருந்தால் அதுவரை அராவித் தள்ளலாம். ஆழமாக இருந்தால் மீண்டும் தோய்ச்சல் போட வேண்டும்.

ஆழமான குழித்துருவை நினைத்து அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. கோடரியின் கன்னத்தில், அதாவது பக்கப் பரப்பில், குழி இருந்தால் வேலைக்கு இடைஞ்சல் இல்லை. ஆனால் உளியின் தட்டையான முதுகில் வாயருகே குழி இருந்தால் கூர் ஒருபோதும் நேராக வராது.

துருவை அகற்றுதல்

பழைய காம்பு உளுத்திருந்தால் அதைத் துளைக்கு வெளியே அறுத்துவிட்டு, உள்ளே இருக்கும் மரத்தில் துளைகள் போட்டு, இரும்புக் கம்பியால் தட்டி வெளியேற்ற வேண்டும். தீயில் போட்டு மரத்தை எரித்து எடுக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. அது வேலையைச் சுருக்கும், ஆனால் வாயின் தோய்ச்சல் அத்தோடு போய்விடும்.

துருவுக்கு எளிதான வழி வினிகர். கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் தலையை முழுவதும் மூழ்க வைத்து, ஒரு நாள் விட்டு, எடுத்துக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் பெரும்பகுதி வந்துவிடும். லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த நீரும் இதே வேலையைச் செய்யும், மணமும் குறைவு. புளிக்கரைசலும் துருவைத் தளர்த்தும், ஆனால் மெதுவாக. கழிப்பறை அமிலத்தை மட்டும் பயன்படுத்த வேண்டாம்: அதன் ஆவி மூச்சுக்குக் கேடு என்பதோடு, அந்த அறையில் இருக்கும் மற்ற இரும்புகளையும் துருப்பிடிக்க வைக்கும். அமிலத்திலிருந்து எடுத்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, வெந்நீர் ஊற்றி, துணியால் துடைத்து, சூடு ஆறுமுன் எண்ணெய் தடவிவிட வேண்டும். தாமதித்தால் கண்ணெதிரிலேயே மஞ்சள் துரு படியும்.

வினிகரில் ஊறிய தலையைக் கழுவியதும் ஒரு காட்சி தெரியலாம். வாயைச் சுற்றி அடர்ந்த சாம்பல் நிறமும், உடலில் வெளிர்நிறமும் பிரிந்து, நடுவே அலை போன்ற எல்லைக் கோடு நிற்கும். கரிமம் மிகுந்த எஃகு அமிலத்தில் கருத்து நிற்பதால் கொல்லர் ஒட்டிய துண்டு வெளிப்படையாகத் தெரிகிறது. அந்தக் கோட்டிலிருந்து வாய் வரையிலான தூரம்தான் அந்தக் கோடரியின் மீதி ஆயுள். அதை அளந்து குறித்து வைத்துக்கொண்டால் பிறகு அராவும்போது கை தானாகவே அடங்கும்.

பெரிய அளவில் துருப்பிடித்தவற்றுக்கு மின்னாற்பகுப்பு முறை பொருந்தும். பிளாஸ்டிக் வாளியில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் சலவைச் சோடா கரைத்து, கருவியை 12 வோல்ட் மின்கல ஊட்டியின் (பேட்டரி சார்ஜரின்) எதிர்முனையிலும், கட்டடக் கம்பித் துண்டு ஒன்றை நேர்முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி அமிழ்த்த வேண்டும். இம்முறை துருவை மட்டுமே எடுக்கும், இரும்பைக் கரைக்காது. இதில் வெளிப்படும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கக் கூடியதாகையால் திறந்த வெளியில் செய்ய வேண்டும்; கருவியைத் தொடுமுன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். துருப்பிடிக்காத எஃகை நேர்முனையில் பயன்படுத்தவே கூடாது. அதிலிருந்து நச்சு மிகுந்த குரோமியச் சேர்மங்கள் நீரில் கலக்கும்.

கையில் அரைக்கும் இயந்திரம் இருக்கிறது என்பதற்காக அதை எடுப்பவர்கள் கெடுத்த கோடரிகளே துருவால் கெட்டவற்றைவிட அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. நிறுவனத்தின் பெயர், கொல்லரின் குறி, சம்மட்டியின் அடித்தடம் ஆகிய அனைத்தும் சில நொடிகளில் போய்விடும். துரு போன பின் எஞ்சும் கரும்பழுப்புப் படலம் இரும்புக்குக் கேடு செய்வதில்லை. அதை அப்படியே விட்டுவிடலாம். பழைய வண்ணப்பூச்சு இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துச் சுரண்டி, முகமூடி அணிந்து வேலை செய்யுங்கள்.

வாயைத் தீட்டுதல்

தலையைப் பிடிகருவியில் இறுக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்த வரிகள் மட்டும் கொண்ட 10 அங்குலத் தட்டை அரத்தால் தொடங்கலாம். அரத்துக்குப் பிடி போட்டிருக்க வேண்டும், கையில் தோலுறை இருக்க வேண்டும். தள்ளும்போது மட்டும் அழுத்தி, இழுக்கும்போது தூக்கிக்கொள்ள வேண்டும். இழுக்கையிலும் அழுத்தினால் அரத்தின் பல் மழுங்கும். வரிகளில் சுண்ணக்கட்டியைத் தேய்த்தால் இரும்புத்தூள் அடைக்காது.

மரம் வெட்டும் கோடரிக்கு இரு பக்கச் சரிவும் சேர்ந்து 25 முதல் 30 டிகிரி போதும். விறகு பிளக்க இன்னும் சற்றுத் தடிமனாக இருக்கலாம். முக்கியமானது கோணத்தைவிட வடிவம். சரிவு தட்டையாக முடிந்து கன்னத்தில் ஒரு முனைப்போடு நின்றால் வாய் மரத்தில் சிக்கும். மெல்ல வளைந்து கன்னத்தோடு கலக்க வேண்டும். வாய் முழுவதையும் கறுப்பு மைப்பேனாவால் பூசிவிட்டு அராவினால் எந்த இடம் தேய்கிறது, எது விடுபடுகிறது என்று உடனே தெரியும்.

அரம் விட்ட கீறல்களைக் கல்லால் எடுக்க வேண்டும். 1954-இல் தொடங்கிய சென்னை நிறுவனமான கார்போரண்டம் யுனிவர்சலின் பெயரையொட்டியோ என்னவோ, நம் ஊர் வன்பொருள் கடைகளில் கார்பரண்டம் கல் என்று கேட்டாலே சொரசொரப்பும் நைசுமாக இருபக்கக் கல்லைக் கொடுப்பார்கள். நீரோ எண்ணெயோ விட்டு, கல்லைச் சிறு வட்டங்களாக வாயின் மேல் நகர்த்துங்கள். கோடரியை அசைக்க வேண்டாம். ஒரு பக்கத்தில் மெல்லிய பிசிறு எழுவதை விரல்நுனி உணரும். மறுபக்கம் மாற்றி மாற்றித் தேய்த்து அது விழும்வரை செய்து, கடைசியில் பழைய தோல்வாரில் இழுத்தால் போதும். சக்கரத்தில் பிடித்தே ஆக வேண்டுமென்றால் வெறுங்கையால் பிடித்து, விரலுக்குச் சூடு தெரிந்த கணமே நீரில் தோய்க்க வேண்டும். சைக்கிளில் சாணை பிடித்து வருபவர் வீட்டுக் கத்திக்கு நல்லவர். உளியையும் கோடரியையும் அவரிடம் கொடுக்காமல் இருப்பது இரு தரப்புக்கும் நல்லது.

தோய்ச்சல் கெட்டுப்போன வாயை வீட்டில் சரிசெய்ய முயல வேண்டாம். கொல்லுப்பட்டறைக்கு எடுத்துச் சென்று வாய்க்கு மட்டும் தோய்ச்சல் போட்டுத் தரும்படி கேளுங்கள். துளையும் பின்பக்கமும் மென்மையாகவே இருக்க வேண்டும் என்பதை அனுபவமுள்ள கொல்லருக்குச் சொல்லத் தேவையிருக்காது.

காம்பு போடுதல்

அமெரிக்காவில் ஹிக்கரி மரத்தையும் பிரிட்டனில் ஆஷ் மரத்தையும் காம்புக்குத் தேர்ந்தார்கள். நமக்குக் கருவேலம், புளி, விடத்தலை ஆகியவை உண்டு. தேக்கு அழகான மரம், இழைப்புளி உடலுக்குப் பொருந்தும். ஆனால் தொடர்ந்து அதிர்ச்சி தாங்க வேண்டிய கோடரிக் காம்புக்கு நான் அதைத் தேர்வதில்லை. எந்த மரமானாலும் காய்ந்திருக்க வேண்டும். பச்சைமரத்தை வெட்டிப் போட்டால் சில வாரங்களில் சுருங்கித் தலை ஆடத் தொடங்கும். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு நிழலில் உலர்த்துவது பழைய கணக்கு.

மரத்தின் ரேகை காம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறாமல் ஓட வேண்டும். பாதியில் பக்கவாட்டில் வெளியேறும் ரேகைதான் முறியும் இடம். காம்பின் அடிமுனையைப் பார்த்தால் வளையக் கோடுகள் கோடரியின் வாய் நிற்கும் திசையிலேயே ஓட வேண்டும், குறுக்கே அல்ல.

துளை இரண்டு விதமாக இருக்கலாம். பிக்காசில் இருப்பதுபோல் ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகிய துளையில், காம்பின் தடித்த முனை மேலே நிற்கும்படி மேலிருந்து நுழைத்தால் வீசும்தோறும் தலை தானே இறுகும், ஆப்பு தேவையில்லை. ஆங்கிலக் கோடரிகளிலோ காம்பு கீழிருந்து ஏறும், மேலே ஆப்பு இறுக்கும். இந்த இரண்டாம் வகைக்குக் காம்பின் மேல்முனையில், துளை ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு வாளால் (ரம்பத்தால்) ஒரு பிளவு அறுக்க வேண்டும். பிறகு துளையின் உட்சுவரில் விளக்குக்கரி பூசி, காம்பைச் செருகி, மீண்டும் எடுத்தால் எங்கே உரசுகிறதோ அங்கே கரி ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் சீவுங்கள். இது பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆனால் நல்ல காம்புக்கும் ஆடும் காம்புக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தீர்மானமாகிறது.

பொருந்தி வந்ததும் தலையைத் தரையில் வைத்துக் காம்பை அடிக்க வேண்டாம். தலை கீழே தொங்கும்படி காம்பை ஒரு கையால் அந்தரத்தில் பிடித்து, அதன் அடிமுனையைக் கொட்டாப்புளியால் தட்டுங்கள். கனமான தலை அசையாமல் நிற்க, காம்பு துளைக்குள் இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு தட்டுக்கும் ஓசை மாறி, இறுகியதும் உறுதியான ஒலி கேட்கும். மேல்முனை துளைக்கு வெளியே அரை சென்டிமீட்டர் நீண்டிருக்கட்டும். பிளவில் உலர்ந்த கடின மரத்தாலான ஆப்பை அடித்து இறக்கி, மிகுந்ததை அறுத்துவிடலாம். ஆணி அடித்து இறுக்கும் வழக்கம் மரத்தைப் பிளக்கும். ஆடும் காம்பை இரவெல்லாம் நீரில் ஊறப்போடுவதும் தற்காலிகத் தீர்வே: ஊறி உப்பிய நார் இரும்புச் சுவரில் நசுங்கி, காய்ந்த பின் முன்னிலும் தளர்ந்துவிடும்.

காம்புக்கு வார்னிஷ் வேண்டாம். கை வழுக்கும், கொப்புளமும் வரும். பெயின்ட் கடையில் கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சுகளாக, ஒன்று காய்ந்த பின் மற்றொன்று என்று இடுங்கள். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் எறிந்தால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயப்போடவோ நீரில் நனைத்துப் போடவோ வேண்டும்.

மற்றக் கருவிகள்

உளியில் முதுகைத் தட்டையாக்குவதே பாதி வேலை. வாயிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு முதுகு கண்ணாடிபோல் ஆனபின் சரிவை 25 முதல் 30 டிகிரியில் தீட்டினால் போதும். இரும்பு உடல் கொண்ட ஸ்டான்லி, ரெக்கார்ட் இழைப்புளிகள் வார்ப்பிரும்பானவை. கீழே விழுந்தால் உடையும், ஆதலால் வாய்த்திறப்பின் மூலைகளில் விரிசல் பார்த்தே வாங்க வேண்டும். ரெக்கார்ட் இழைப்புளிகள் ஷெஃபீல்டில் 1931 முதல் வந்தவை. அவற்றின் நீல வண்ணம் அடையாளம். திருகுகள் இறுகியிருந்தால் மண்ணெண்ணெய் விட்டு ஓரிரு நாள் காத்திருங்கள்; முறுக்கி உடைத்தால் மாற்றுத் திருகு தேடுவது பெரும்பாடு.

வாளை வாங்கும்போது கண்ணருகே நீளவாக்கில் பிடித்துப் பல்வரிசையைப் பாருங்கள். சீரான வளைவை நிமிர்த்தலாம், மடிப்பு விழுந்ததை விட்டுவிடலாம். மெல்லிய வாளை அமிலத்தில் நெடுநேரம் ஊறவிடக் கூடாது. மரத்துண்டில் சுற்றிய உப்புத்தாளால் தேய்ப்பதே நல்லது. பல்லை முக்கோண அரத்தால் தீட்டுமுன், அது தள்ளும்போது வெட்டும் வாளா, இழுக்கும்போது வெட்டும் வாளா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஊர்த் தச்சர்களின் பழைய வாள்களில் இழுத்து வெட்டுபவை உண்டு.

வைத்துக் காத்தல்

கடலோர ஊர்களில் எண்ணெய் மட்டும் போதாது. தேன்மெழுகை ஆளிவிதை எண்ணெயில் வெந்நீர்ச் சட்டியின் மேல் உருக்கிக் கலந்து இரும்பில் தேய்த்தால் ஒரு மழைக்காலம் தாங்கும். அன்றாடம் புழங்கும் கருவிக்குத் தையல் இயந்திர எண்ணெய் போதுமானது. தோலுறையிலேயே நிரந்தரமாக வைக்கக் கூடாது. தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். ஒவ்வொரு முறை வீசத் தொடங்குமுன்னும் ஆப்பு உயர்ந்திருக்கிறதா, தலை நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டில் வாழும் உறவினருக்குக் கொடுத்தனுப்ப நினைப்பவர்கள் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட கைவினைப் பொருள்கள் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரக்கூடும். அவற்றைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. வயது குறித்து ஐயமிருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்று பெற்ற பிறகே அனுப்ப வேண்டும். விமானத்தில் கொண்டுபோவதானால், வாயைத் தடித்த அட்டையில் சுற்றிக் கட்டிச் சரக்குப் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.